ஈக்குவல், ஈக்விவலண்ட், ப்ரொபோர்ஷனல்: எங்கே எது சரி?

வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் நிரப்ப நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உட்காரும் ஒருவர், கல்வித்தகுதிக் கட்டத்தில் ‘எஸ்எஸ்எல்சி ஆர் ஈக்விவலண்ட்’ என்று பார்ப்பார். சம்பளக் கட்டத்தில் ‘கமென்சரட் வித் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று இருக்கும். அன்றைய ஆங்கில நாளிதழில் யாரோ ஒரு அதிகாரிமீது ‘டிஸ்ப்ரொபோர்ஷனட் அசெட்ஸ்’ வழக்கு. மூன்றுக்கும் ‘சமமான’, ‘ஏற்ற’, ‘அதிகமான’ என்று ஏதோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். வாசிக்கும்போது இதனால் பெரிய நட்டமில்லை. அதே சொற்களை நாம் எழுத வேண்டிவரும்போதுதான் குழப்பம் வெளியே தெரிகிறது: ‘ஈக்குவல் வித்’ என்கிறோம், ‘கமென்சரட் டு’ என்கிறோம், கணக்குப் பாடத்துச் சொல்லைச் சம்பளப் பேச்சில் கொண்டுபோய் வைக்கிறோம்.

இந்தச் சொற்கள் எல்லாம் பெயரடைகள். ஒரு பெயர்ச்சொல்லின் தன்மையைச் சொல்லும் சொல்தான் பெயரடை. ஆனால் ‘பெரிய’, ‘சிவப்பு’ போன்ற பெயரடைகள் ஒரே பொருளைப் பற்றிப் பேசும். இவையோ எப்போதும் இரண்டு பொருள்களுக்கு இடையிலுள்ள உறவைப் பேசும். அந்த உறவைப் பற்றி நான்கு வெவ்வேறு கேள்விகள் கேட்கலாம். இரண்டும் ஒரே அளவா? இரண்டும் ஒரே பயன் தருமா? ஒன்று மாறினால் மற்றது அதே கணக்கில் மாறுமா? ஒன்றுக்கு மற்றது தகுமா? எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரிந்தால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

ரப்பர் பால் கேனிலிருந்து தொடங்குவோம்

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் விற்பவர்களுக்கு டிஆர்சி என்ற சொல் பழக்கமானது. பாலில் உள்ள தண்ணீர் முதலியவற்றைக் கழித்தபின் எவ்வளவு ரப்பர் தேறும் என்ற நூற்றுவீதம்தான் டிஆர்சி. மரத்திலிருந்து வரும் பாலில் இது பொதுவாக 30 முதல் 40 வரை இருக்கும். பாலின் எடைக்கு விலை கிடையாது; அதில் தேறும் ரப்பருக்குத்தான் விலை.

இருவர் ஆளுக்கு 10 கிலோ பால் கொண்டுவருகிறார்கள். ஒருவரது பாலில் டிஆர்சி 36, மற்றவரது பாலில் 30. எடையை மட்டும் பார்த்தால் இரண்டு கேனும் ஈக்குவல். ஆனால் முதல் கேனில் 3.6 கிலோ ரப்பர் தேறும், இரண்டாவதில் 3 கிலோதான். ஆகவே அவை ஈக்விவலண்ட் அல்ல.

இப்போது முதல் ஆளின் கேனில் 2 கிலோ தண்ணீர் கலந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எடை 12 கிலோ ஆகிவிட்டது, டிஆர்சி 30-க்கு இறங்கிவிட்டது. 12 கிலோவில் 30 சதவீதம் என்றால் அதே 3.6 கிலோ. தண்ணீர் கலந்த 12 கிலோவும் கலக்காத 10 கிலோவும் எடையில் ஈக்குவல் இல்லை. ரப்பர் கணக்கில் ஈக்விவலண்ட். தண்ணீர் ஊற்றியவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

ஒரு கிலோ ரப்பருக்கு 200 ரூபாய் என்று வைத்தால், 3 கிலோ தேறும் பாலுக்கு 600, 3.6 கிலோ தேறும் பாலுக்கு 720. தேறும் ரப்பர் இரட்டித்தால் பணமும் இரட்டிக்கும், பாதியானால் பணமும் பாதி. இந்த உறவுக்குப் பெயர் ப்ரொபோர்ஷனல். நான்காவது கேள்வி ஒன்று பாக்கி: மரத்தில் பால் வெட்டுபவரின் உழைப்புக்கு இந்தப் பணம் தகுமா? அதைத் தராசும் சொல்லாது, டிஆர்சி பார்க்கும் மெட்ரோலாக் கருவியும் சொல்லாது. அங்கேதான் கமென்சரட், ப்ரொபோர்ஷனட் ஆகிய சொற்கள் வருகின்றன.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ஒரே அளவு என்றால் ஈக்குவல், ஒரே பயன் என்றால் ஈக்விவலண்ட், ஒரே கணக்கில் கூடிக் குறைந்தால் ப்ரொபோர்ஷனல், தகுதியைப் பேசினால் கமென்சரட் அல்லது ப்ரொபோர்ஷனட்.

ஈக்குவல் எங்கே முடிகிறது, ஈக்விவலண்ட் எங்கே தொடங்குகிறது

ஈக்குவல் என்று சொன்னதும் ‘எதில்?’ என்ற கேள்வி எழ வேண்டும். எடையிலா, நீளத்திலா, எண்ணிக்கையிலா, உரிமையிலா? ‘தி டூ கேன்ஸ் ஆர் ஈக்குவல் இன் வெயிட்’ என்று ‘இன்’ போட்டு அந்த அளவுகோலைச் சொல்லிவிடுவது நல்ல பழக்கம். அளவுகோலைச் சொல்லாமல் விட்டால் வாசிப்பவர் தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்வார்.

பாகப்பிரிவினையில் இதனால் வரும் சண்டையை நம் ஊரில் பலரும் பார்த்திருப்போம். இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 செண்ட் என்று எழுதினால் பரப்பில் அது ஈக்குவல். ஒரு செண்ட் 435.6 சதுர அடி என்பதால் ஆளுக்கு 2,178 சதுர அடி. ஆனால் ஒரு துண்டு ரோட்டோரமும் மற்றது வழியில்லாத உள்பகுதியும் என்றால் மதிப்பில் அவை ஈக்விவலண்ட் அல்ல. ஆங்கிலப் பத்திரத்தில் ‘ஈக்குவல் ஷேர்ஸ்’ என்று மட்டும் இருந்தால் பரப்பா மதிப்பா என்ற கேள்வி திறந்தே கிடக்கும். ‘ஈக்குவல் இன் எக்ஸ்டெண்ட்’ அல்லது ‘ஈக்குவல் இன் வேல்யூ’ என்று எழுதிவிட்டால் இந்த ஒரு வாசல் அடைபடும்.

உலக அளவில் பேசப்படும் ஒரு கொள்கையிலும் இதே நுணுக்கம் இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 39-ஆவது பிரிவு ஆண், பெண் இருவருக்கும் ‘ஈக்குவல் பே ஃபார் ஈக்குவல் வர்க்’ என்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கை 1951-இல் வந்தது. இந்தியா 1958-இல் அதை ஏற்றது. அது பேசுவது ‘வர்க் ஆஃப் ஈக்குவல் வேல்யூ’ பற்றி, அதாவது வேலை வேறாக இருந்தாலும் மதிப்பு சமமாக உள்ள வேலை. ‘வேல்யூ’ என்ற ஒரு சொல் சேர்ந்ததும் கொள்கையின் எல்லை விரிந்துவிட்டது. முதல் வாசகம் ஒரே வேலை செய்பவர்களோடு நின்றுவிடலாம். இரண்டாவது வாசகம் ரப்பர் பால் வெட்டும் ஆணையும் ரப்பர் ஷீட் அடிக்கும் பெண்ணையும்கூட ஒரே தராசில் வைத்துக் கேள்வி கேட்க இடம் தருகிறது.

கல்விச் சான்றிதழில் வரும் ஈக்விவலண்டுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். ‘எஸ்எஸ்எல்சி ஆர் ஈக்விவலண்ட்’ என்றால் பத்தாம் வகுப்பைப்போல ஏதோ ஒன்று படித்திருந்தால் போதும் என்று பொருளல்ல. அதற்கு இணையானது என்று அதிகாரமுள்ள ஓர் அமைப்பு ஏற்றுக்கொண்ட படிப்பு என்று பொருள். டிஎன்பிஎஸ்சி அறிவிப்புகளில் இணையான படிப்பைக் காட்டுபவரிடம் அதற்கான அரசாணை கேட்கப்படுவது இதனால்தான். வெளிநாட்டுப் பட்டத்துக்கும் இப்படி இணைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். ஆக, ‘மை கோர்ஸ் இஸ் ஈக்விவலண்ட் டு எ டிகிரி’ என்று விண்ணப்பத்தில் எழுதுவது கருத்தன்று, ஒரு உண்மைக் கூற்று. ஆதாரம் கேட்டால் தாள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஈக்விவலண்ட் பெயர்ச்சொல்லாகவும் வரும். பெயரடையாக வந்தால் பின்னால் ‘டு’: ‘இட் இஸ் ஈக்விவலண்ட் டு எ டிகிரி’. முன்னால் ‘தி’ அல்லது ‘ஆன்’ வந்து, அடுத்து வேறு பெயர்ச்சொல் இல்லையென்றால் அது பெயர்ச்சொல், பின்னால் ‘ஆஃப்’: ‘இட் இஸ் தி ஈக்விவலண்ட் ஆஃப் எ டிகிரி’. இரண்டும் சரி. ‘தி’ இல்லாமல் ‘ஈக்விவலண்ட் ஆஃப் எ டிகிரி’ என்பதும் ‘ஈக்விவலண்ட் வித்’ என்பதும் வேண்டாம்.

ப்ரொபோர்ஷனல்: கூடினால் மட்டும் போதாது

அதிகம் தவறாகப் புழங்கும் சொல் இதுதான். ஒன்று கூடும்போது மற்றதும் கூடினால் உடனே ப்ரொபோர்ஷனல் என்று சொல்லிவிடுகிறார்கள். அது போதாது. ஒன்றை மற்றதால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். பள்ளியில் இதை நேர்விகிதம் என்று படித்திருப்போம்.

பால் கேன்களை ஏற்றிப்போக ஒரு டெம்போவுக்கு அடிப்படை வாடகை 200 ரூபாய், அதன்மேல் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோமீட்டருக்கு 400 ரூபாய். 20 கிலோமீட்டருக்கு 600 ரூபாய். தூரம் இரட்டித்தது, வாடகை இரட்டிக்கவில்லை. இரட்டித்திருந்தால் 800 ஆகியிருக்கும். தூரத்தோடு வாடகை கூடுகிறது, ஆனால் தூரத்துக்கு ப்ரொபோர்ஷனல் அல்ல. அந்த 200 ரூபாய்தான் கணக்கைக் கெடுக்கிறது. எங்கே ஒரு நிலையான தொகை முன்னால் நிற்கிறதோ அங்கே ப்ரொபோர்ஷனல் நிற்காது. சரிபார்க்க எளிய வழி: ஒன்றைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். மற்றதும் பூஜ்யமாக வேண்டும். டெம்போ ஓடாமலே 200 கேட்கிறது. பாலில் ரப்பர் இல்லையென்றால் பணமும் இல்லை.

எதிர்விகிதத்துக்கு ‘இன்வர்ஸ்லி ப்ரொபோர்ஷனல் டு’ என்பார்கள். 600 ரப்பர் மரத்தில் இருவர் 4 மணி நேரத்தில் பால் வெட்டினால், அதே வேகத்தில் நால்வர் 2 மணி நேரத்தில் முடிப்பார்கள், எட்டுப்பேர் 1 மணி நேரத்தில். ஆளையும் நேரத்தையும் பெருக்கினால் எப்போதும் 8. இந்தப் பெருக்குத்தொகை மாறாமல் இருப்பதுதான் அடையாளம். மழை கூடினால் வெட்டு நாள் குறையும் என்பது உண்மை; அதற்காக மழையும் வெட்டு நாளும் இன்வர்ஸ்லி ப்ரொபோர்ஷனல் ஆகிவிடாது. அங்கே ‘டெண்ட்ஸ் டு ஃபால்’, அதாவது ‘பொதுவாகக் குறையும்’ என்று எழுதுவதே நேர்மை.

கணக்குக்கு வெளியிலும் இந்தச் சொல் எண்ணை விடாது. குடியரசுத் தலைவர் தேர்தலை விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. அங்குள்ள சொல் ‘ப்ரொபோர்ஷனல் ரெப்ரசண்டேஷன்’. வாக்குகளை எண்ணி, மதிப்புப் போட்டு, கணக்கால் முடிவு காணும் இடம் அது.

ப்ரொபோர்ஷனட்: தகுமா என்ற கேள்வி

ஒரே வேர், ஏறக்குறைய ஒரே ஒலி, வேறு வேலை. ப்ரொபோர்ஷனட் என்பதை ‘குற்றத்துக்குத் தகுந்த தண்டனை’, ‘ஆபத்துக்குத் தகுந்த நடவடிக்கை’ என்ற இடங்களில் பாருங்கள். குற்றத்துக்கு எத்தனை கிலோ என்று எடைபோட முடியாது. ஆகவே இங்கே வாய்பாடு இல்லை, நிதானிப்பு இருக்கிறது. சில இடங்களில் இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று மாறி வரும். ‘ப்ரொபோர்ஷனட் ஷேர்’ என்று எண்ணால் கணக்கிடும் பங்கையும் பத்திரங்களில் சொல்வார்கள். ஆனால் தொடங்குபவர்கள் ‘எண்ணுக்கு ப்ரொபோர்ஷனல், நியாயத்துக்கு ப்ரொபோர்ஷனட்’ என்று பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது.

எதிர்ச்சொல் டிஸ்ப்ரொபோர்ஷனட். 1987-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு வழக்கில், உணவை உண்ண மறுத்ததற்காக ஒரு ராணுவ வீரருக்குச் சிறைத் தண்டனையும் பணிநீக்கமும் விதிக்கப்பட்டிருந்தன. செய்த தவறுக்கு அந்தத் தண்டனை டிஸ்ப்ரொபோர்ஷனட் என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தண்டனை ‘அதிகம்’ என்று மட்டும் சொன்னால் எதோடு ஒப்பிட்டு அதிகம் என்பது விடுபட்டுப் போகும். இந்தச் சொல்லுக்குள் அந்த ஒப்பீடு இருக்கிறது.

சொத்துக்குவிப்பு வழக்குச் செய்தியில் நாம் இடறுவதும் இதே இடத்தில்தான். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, தெரிந்த வருமான வழிகளுக்கு டிஸ்ப்ரொபோர்ஷனட் ஆன சொத்தைப் பற்றிப் பேசுகிறது. அது ‘ஏராளமான சொத்து’ அல்ல. குறிப்பிட்ட காலத்தில் 50 லட்சம் ரூபாய் கணக்கில் வந்த ஒருவர் 30 லட்சத்துக்குச் சொத்து சேர்த்தால் இந்தச் சொல் பொருந்தாது. 8 லட்சம் மட்டுமே வந்த ஒருவர் அதே 30 லட்சம் சேர்த்தால் பொருந்தும். சொத்தின் அளவு ஒன்றேதான். வருமானத்தோடு அதற்குள்ள உறவு வேறு.

உச்சரிப்பில் ஒன்று சொல்ல வேண்டும். ப்ரொபோர்ஷனட், கமென்சரட் இரண்டும் எழுத்தில் ‘ஏட்’ என்று முடிவதுபோலத் தெரியும். பெயரடையில் அந்தக் கடைசி அசை நீளாது, ‘அட்’ என்று தளர்ந்து ஒலிக்கும். ‘கமென்சுரேட்’ என்று அழுத்திச் சொல்வது நேர்முகத் தேர்வில் காதில் உறுத்தும். அதேபோல் ‘கம்பேரபிள்’ என்று நடுவில் அழுத்துவதைவிட ‘காம்பரபிள்’ என்று முதல் அசையில் அழுத்துவதே வழக்கமான ஒலிப்பு.

இந்தப் பகுதியில் நினைவில் நிற்க வேண்டியது: வகுத்தால் ஒரே எண் வருகிறதா என்று பார்க்க முடிந்தால் ப்ரொபோர்ஷனல். தகுமா தகாதா என்று ஒரு மனிதர் முடிவு செய்ய வேண்டியிருந்தால் ப்ரொபோர்ஷனட்.

கமென்சரட்டும் அதன் ‘வித்’தும்

சம்பளம், பொறுப்பு, அனுபவம், தகுதி ஆகியவற்றைப் பேசும் இடத்தில் ப்ரொபோர்ஷனட்டைவிடக் கமென்சரட்தான் அதிகம் புழங்கும். ‘அனுபவத்துக்கு ஏற்ற சம்பளம்’ என்பதுதான் ‘சேலரி கமென்சரட் வித் எக்ஸ்பீரியன்ஸ்’. இதில் ஒரு நடைமுறைச் செய்தியும் உண்டு: தொகை இன்னும் முடிவாகவில்லை, உங்கள் அனுபவத்தைப் பார்த்து முடிவு செய்வோம் என்கிறார்கள். எனவே பேச இடமிருக்கிறது.

இங்கே தமிழர் பலரும் ‘கமென்சரட் டு’ என்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் இந்த உறவுகள் எல்லாவற்றையும் ‘கு’ உருபே சுமக்கிறது: அதற்குச் சமம், அதற்கு இணை, அதற்கு ஏற்ற, அதற்குத் தகுந்த. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நின்று உறவைக் காட்டும் சொல்லை முன்னிடைச்சொல் என்பார்கள். நம் ‘கு’வுக்கு நேராகப் பெரும்பாலும் ‘டு’ என்ற முன்னிடைச்சொல்லே வருகிறது: ஈக்குவல் டு, ஈக்விவலண்ட் டு, ப்ரொபோர்ஷனல் டு, டிஸ்ப்ரொபோர்ஷனட் டு. ஆகவே தமிழ்க் காதை நம்பி ‘டு’ போட்டால் அநேகமாகச் சரியாகவே இருக்கும். கமென்சரட் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராமல் ‘வித்’ கேட்கிறது. இந்த ஒன்றைத் தனியாக மனப்பாடம் செய்துவிட்டால் போதும்.

மிச்சமுள்ள மூன்று

காம்பரபிள் என்றால் சமம் அல்ல, ஒப்பிடும் அளவுக்கு நெருக்கமானது. நிலத்துக்கு மதிப்புப் போடுபவர்கள் அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான விற்பனைகளை ‘காம்பரபிள் சேல்ஸ்’ என்று எடுத்துக்கொள்வார்கள். அதே பரப்பு, அதே விலை என்று பொருளில்லை. ஒப்பிட்டால் நியாயமாக இருக்கும் என்று பொருள். ‘டு’, ‘வித்’ இரண்டும் வரும்.

கரஸ்பாண்டிங் அளவையும் தகுதியையும் பேசாது, எது எதற்கு நேர் என்று மட்டும் காட்டும். இந்த ஆண்டு ஜூனுக்கு நேராகச் சென்ற ஆண்டு ஜூன் என்றால் ‘தி கரஸ்பாண்டிங் மன்த் லாஸ்ட் இயர்’. இரண்டு மாதத்து வரவும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

டாண்டமவுண்ட் டு என்பதற்கு நம் ‘அதற்குச் சமானம்’ என்ற பேச்சு வழக்கு நன்றாகப் பொருந்தும். ‘ஹிஸ் சைலன்ஸ் வாஸ் டாண்டமவுண்ட் டு எ ரெஃப்யூசல்’, அவர் பேசாமல் இருந்தது மறுத்ததற்குச் சமானம். பெரும்பாலும் வேண்டாத காரியத்துக்கே இது வரும். ‘உங்கள் உதவி பரிசுக்குச் சமானம்’ என்று பாராட்ட இதை எடுக்காதீர்கள். இன்னொன்று, இது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்காது. ‘ஈக்குவல் ஷேர்ஸ்’, ‘ப்ரொபோர்ஷனட் ஃபைன்’ என்று சொல்லலாம், ‘டாண்டமவுண்ட் ரெஃப்யூசல்’ என்று சொல்ல முடியாது.

ஒரு விண்ணப்பத்தைத் திருத்துவோம்

விண்ணப்பங்களில் அடிக்கடி காணும் வகை வரிகள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதல் வரி: ‘மை டிப்ளமோ இஸ் ஈக்குவல் வித் எ டிகிரி.’ ‘வித்’தை ‘டு’ ஆக்கினால் இலக்கணம் சரியாகும், பொருள் சரியாகாது. இரண்டு படிப்பும் ஒரே அளவு அல்ல. பேச வருவது ஒரே தகுதியைப் பற்றி. இணை என்று அறிவித்த ஆணை கையில் இருந்தால் ‘மை டிப்ளமோ இஸ் ஈக்விவலண்ட் டு எ டிகிரி’ என்று எழுதி, ஆணையின் எண்ணையும் நாளையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். ஆணை இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம். டிப்ளமோ என்று உள்ளபடி எழுதுங்கள்.

இரண்டாவது: ‘ஐ எக்ஸ்பெக்ட் எ சேலரி ப்ரொபோர்ஷனல் டு மை எக்ஸ்பீரியன்ஸ்.’ சொல்லுக்குச் சொல் எடுத்தால், 5 ஆண்டு அனுபவத்துக்கு ஒரு தொகை என்றால் 10 ஆண்டுக்கு அதில் இரண்டு மடங்கு கேட்கிறார் என்றாகிறது. அனுபவமே இல்லாதவருக்குப் பூஜ்யம். அவர் சொல்ல வந்தது அதுவல்ல. ‘எ சேலரி கமென்சரட் வித் மை எக்ஸ்பீரியன்ஸ்’ என்று மாற்ற வேண்டும்.

மூன்றாவது: ‘மை டியூட்டீஸ் வேர் ஸேம் டு எ சூப்பர்வைசர்.’ ‘ஸேம்’ இப்படி ‘டு’வோடு வராது, அதற்கு முன்னால் ‘தி’யும் பின்னால் ‘ஆஸ்’ஸும் வேண்டும். அதோடு, பதவிப்பெயர் வேறாக இருக்கும்போது வேலை முழுக்க ஒன்றே என்று சொல்வது மிகை. ‘மை டியூட்டீஸ் வேர் காம்பரபிள் டு தோஸ் ஆஃப் எ சூப்பர்வைசர்’ என்பதே பொருத்தம். இதில் ‘தோஸ் ஆஃப்’ விடுபடக்கூடாது. விடுபட்டால் என் வேலையை ஓர் ஆளோடு ஒப்பிட்டதாகிவிடும். ஒப்பிட வேண்டியது அந்த ஆளின் வேலையோடு. தமிழில் ‘சூப்பர்வைசருக்கு இணையான வேலை’ என்று சொன்னால் கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொல்லையும் எழுதியே ஆக வேண்டும்.